சிராப்பள்ளிக் குன்றும் காவிரிக் காட்சியும்

மலைக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் படிகளை ஏறி, இறைவனை வணங்கி, திருநீறு பெற்று வெளியே வந்ததும் தவறாமல் செய்வது ஒன்றுண்டு. கைப்பிடிச் சுவரோரமாகச் சென்று நின்று, கீழே விரிந்து கிடக்கும் நாட்டை நோக்குகின்றனர். சிறுவர் தம் வீட்டுக் கூரையைத் தேடுவர். முதியோர் அடுத்த ஊர்க் கோபுரத்தைக் கண்டு கைகூப்புவர். இஃது வழிபாட்டிற்குப் புறம்பான வேடிக்கை என்று கடிந்துரைக்கும் பெரியோரும் உளர். அக்கடிந்துரை வேறு தலங்களுக்குப் பொருந்துமோ அறியோம், திருச்சிராப்பள்ளிக்குப் பொருந்தாது. அங்கே மலைமேற் கோயில் எடுத்ததற்கு அக்காட்சியே காரணம் என்று, கோயிலை எடுத்த மன்னனே கல்லில் வெட்டி வைத்திருக்கின்றான்.

தாயுமானவர் சந்நிதியைக் கடந்து உச்சிப்பிள்ளையார் கோயிலை நோக்கி ஏறும் வழியில் ஒரு குடைவரை இருக்கின்றது. பலர் அதனை ஏறெடுத்தும் பாராமல் மேலே விரைகின்றனர். அது முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் ஆகும். உள்ளே மேற்குச் சுவரில் கங்காதரர் திருவுருவம் பேரளவிற் செதுக்கப்பட்டுள்ளது. விரிந்த சடையின் ஒரு புரியைக் கையில் ஏந்தி, வானினின்று இறங்கும் கங்கையைப் பெருமான் ஏற்றுக்கொள்ளும் கோலம் அது. அதன் இருமருங்கிலும் உள்ள தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அவற்றின் கருத்தைக் கூறுவோம். நிலத்தின்மீது அமைந்த கோயிலில் இருந்துகொண்டு சோழரது வளத்தையும் காவிரியாற்றையும் யாம் எவ்வாறு காண்பது என்று சிவபெருமான் வினவியருளினானாம். அவ்வினாவிற்கு விடையாகவே, குணபரன் என்னும் சிறப்புப் பெயருடைய அம்மன்னன் முகில் தொடும் இம்மலையில் அவனுக்குக் கோயில் அமைத்தானாம். மற்றொரு சுலோகம் இதனினும் சுவையுடையது. ஆறுகளிடத்தே விருப்பமுடைய சிவன், கண்ணுக்கினிய காவிரியைக் கண்டால் அவளையும் விரும்பிவிடுவானோ என்று உமையம்மை ஐயுற்றாளாம். ஆதலின் தந்தையாகிய இமவான் குலத்தை விட்டு இம்மலையில் வந்து உறைந்து, இந்த ஆறு பல்லவனுக்கு உரிய மனைவி என்று ஓயாது சொல்லிக்கொண்டிருக்கின்றாளாம். சோழநாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்ட பல்லவனின் பெருமிதம் இதில் ஒளிந்திருப்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், காட்சியின்பொருட்டே கோயில் எழுந்தது என்று இவ்வளவு வெளிப்படையாகக் கூறும் கல்வெட்டு எளிதிற் காணக் கிடைப்பதன்று.

இதில் வியப்பொன்றும் உண்டு. குடைவரையின் முகப்பு தெற்கு நோக்கியது. காவிரியோ குன்றுக்கு வடக்கே ஓடுகின்றது. பாறை செங்குத்தாகவும் விரிசலின்றியும் அமைந்த இடத்திலன்றோ குடைய இயலும்? அம்முகம் தென்புறத்தே வாய்த்தது போலும். ஆதலின் கல்வெட்டைப் படித்தவர் அது சொல்லும் ஆற்றைக் காண வேண்டுமாயின், இன்னும் மேலேறி உச்சிக்குத்தான் செல்ல வேண்டும்.

இனி அக்குன்றின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். சுற்றியுள்ள சமவெளியினின்று சுமார் 83 மீட்டர், அதாவது 270 அடிக்குச் சற்று மேலாக, இஃது தனித்து எழுந்து நிற்கின்றது. கல்லும் மண்ணும் கலந்து குவிந்த மேடன்று. அடி முதல் முடி வரை ஒரே பாறை. நிலநூலார் இவ்வகைப் பாறையை உருமாறிய பாறை என்றும், அதிலும் ‘நைஸ்’ என்னும் வரிப்பாறை என்றும் கூறுவர். பூமியின் மேற்பரப்பிற்குப் பல மைல் ஆழத்தில், கடும் வெப்பத்தாலும் மேலிருந்து அழுத்திய பெருஞ்சுமையாலும், பழைய பாறைகள் இளகி, மடிந்து, மீண்டும் படிகமாகி இறுகிய வடிவம் அது. நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என வழங்கும் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், காக்கைப்பொன் எனப்படும் அபிரகம் முதலிய கனிமங்கள் வெளிறியும் கறுத்தும் வரிவரியாக ஓடுவதைப் படியோரப் பாறையில் இன்றும் காணலாம்.

இவ்வட்டாரத்துப் பாறைகள் இறுதியாக உருமாறி இறுகியதே 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் என்பர். அவற்றின் மூலப்பொருள் அதனினும் மிகப் பழையது. இமயமலையை எழுப்பிய நிலமோதலோ ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்கிற்று. உமையம்மை தந்தை குலத்தை விட்டு வந்தாள் என்று பல்லவன் பாடுவித்த காலத்தில் இக்கணக்கை யாரும் அறிந்திலர். அறிந்திருப்பின், இளைய மலையை விட்டு முதிய மலைக்கு வந்தாள் என்று ஓர் அடி சேர்த்திருப்பார்கள்!

ஆழத்தில் விளைந்த பாறை மேலே வந்தது எங்ஙனம்? குன்று முளைத்து எழவில்லை. அதனைச் சூழ்ந்தும் மூடியும் இருந்தவை தேய்ந்து தாழ்ந்தன. பெரும்பாலான பாறைகளில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் இருக்கும். மழைநீர் அவற்றினுள் இறங்கும். நீர்பட்ட பெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் கரையாது உதிர்ந்து மணலாகும். களிமண்ணையும் மணலையும் வெள்ளம் வாரிச் செல்லும். இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்தபின், வெடிப்பு மிக்க பகுதிகள் சமவெளியாகத் தாழ, வெடிப்பின்றித் திரண்ட பகுதிகள் மட்டும் தனிக்குன்றுகளாக எஞ்சும். சிராப்பள்ளிக் குன்று அவ்வாறு எஞ்சியது. எந்தக் குணத்தால் அது தேயாது நின்றதோ, அந்தக் குணமே பல்லவனின் தச்சருக்கும் வேண்டியிருந்தது. உளிபட்டு எதிர்பாராத இடத்திற் பிளக்கும் பாறையில் தூணும் போதிகையும் அமைக்க ஒண்ணாது. மரமும் செங்கல்லும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் சமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையுடன் அறிவித்தவனும் இந்த மகேந்திரனே.

உச்சியில் நின்று நோக்கினால் இதே வகைக் குன்றுகள் வேறு சிலவும் புலப்படும். தென்கிழக்கே பொன்மலை. கிழக்கே எறும்பீசர் எழுந்தருளிய திருவெறும்பூர்க் குன்று. மேற்கே காவிரிக் கரையோடு சென்றால் குளித்தலைக்கு அருகே ஐயர்மலை என வழங்கும் வாட்போக்கி, ஆற்றுக்கு அக்கரையில் திருஈங்கோய்மலை. கடம்பந்துறையைக் காலையிலும், வாட்போக்கியை நண்பகலிலும், ஈங்கோய்மலையை மாலையிலும் ஒரே நாளில் வழிபடும் வழக்கத்தை அன்பர்கள் அறிவர். பழைய பாறை நிலத்தின் எலும்புகள் சமவெளியைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிவது போன்ற காட்சி இது. வானம் தெளிந்த நாளில் வடக்கே பச்சைமலையும் கொல்லிமலையும் நீலக் கோடாகத் தென்படும்.

வடகிழக்கே அடிவானத்துக்கு அப்பால் ஊட்டத்தூர் இருக்கின்றது. சுத்தரத்தினேசுவரர் கோயிலால் நாம் அறிந்த ஊர் அது. நிலநூலார் உலகெங்கும் அதனை வேறொரு காரணத்தால் அறிவர். 1862-இல் ஹென்றி பிளான்போர்டு என்னும் ஆங்கில அறிஞர் அப்பகுதியின் படிவுப் பாறைகளை ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பழைய அடுக்குக்கு ஊட்டத்தூரின் பெயரையும், பிற அடுக்குகளுக்குத் திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் பெயர்களையும் இட்டார். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் அதுவரை உள்ளே வந்திருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும், அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டு உயிர்களும் கல்லாகி இன்றும் வயல்களிலும் ஓடைகளிலும் கிடைக்கின்றன. கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமத்தின் சக்கர வடிவும் இவ்வின உயிரின் பதிவே. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிய மரம் ஒன்று ஓடைக்கரையில் கிடப்பதை 1940-இல் நிலநூலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அறிவித்தார். அக்கடல் அலைமோதிய காலத்திலேயே நம் குன்றின் பாறை முதுபாறையாயிருந்தது.

இப்போது வடபுறம் திரும்புவோம். கல்வெட்டுக் கூறும் காட்சி அதுதானே? தென்னந்தோப்புகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே முதலில் காவிரி. அதன் அக்கரையில் தீவாகிய திருவரங்கம். 1987-இல் நிறைவுற்ற 13 நிலை இராசகோபுரம் 236 அடி உயரமுடையது. ஆயினும் உச்சியில் நிற்போர்க்கு அது தாழவே தோன்றும். சற்றுக் கிழக்கே, இறைவன் அப்புலிங்கமாய் வீற்றிருக்கும் திருவானைக்கா. தீவுக்கு அப்பால் கொள்ளிடம். இரண்டு ஆறுகளையும் அவற்றின் இடைநிலத்தையும் ஒரே பார்வையில் அடக்கித் தரும் இடம் இந்த உச்சி.

ஆறு இங்கே ஏன் இரண்டாயிற்று? குடகில் தோன்றிய காவிரி தன் 800 கிலோமீட்டர் ஓட்டத்தின் பெரும்பகுதியைக் கடினப் பாறை நிலத்திலேயே கழிக்கின்றது. சரிவும் மிகுதி, கரைகளும் உறுதியானவை. திருச்சியை நெருங்கும்போது நிலை மாறுகின்றது. ஊர் கடல்மட்டத்திற்குச் சுமார் 80 மீட்டரே உயர்ந்தது; கடலோ நேர்க்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. விரைவு குறைந்த நீர் தான் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் இறக்கிவிடுகின்றது. இறக்கியது தன் வழியையே அடைக்க, ஆறு புது வழி தேடிப் பிரிகின்றது. குன்றுக்கு மேற்கே முக்கொம்பில் வடகிளை கொள்ளிடமாகவும் தென்கிளை காவிரியாகவும் பிரிந்து, கிழக்கே கல்லணையருகில் மீண்டும் மிக நெருங்குகின்றன. அதன்பின் விரிவது தஞ்சை மண்டலத்துக் கழனிகள். எனவே சிராப்பள்ளிக் குன்று நிற்குமிடம் பாறைநாடு முடிந்து வண்டல்நாடு தொடங்கும் வாயில். சோழரது வளத்தைக் காண வேண்டும் என்று கல்வெட்டு கூறியபோது அது வெறும் அழகைக் கருதவில்லை. அவ்வளத்தின் ஊற்றுக்கண் இவ்விடத்தே தெரிகின்றது. சோழரின் பழைய தலைநகராகிய உறையூர் குன்றின் மேற்கடியிலேயே இருப்பதும் இதனாற் பொருளுடைத்து.

கொள்ளிடம் காவிரியைக் காட்டிலும் தாழ்ந்தது. கவனியாது விட்டால் நீர் முழுதும் அதன் வழியே கடலுக்கு ஓடிவிடும். கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை, காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்து வீணாகாமல் காப்பதற்கு அமைந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதும் இக்காரணம் பற்றியே. தஞ்சைத் தரணிக்குச் சோறிட்ட அரும்பணிகள் இவை இரண்டும். உச்சியினின்று நோக்கும்போது ஒன்று வலப்புறமும் மற்றது இடப்புறமும் அமைந்திருப்பதை நினைவிற் கொள்ளலாம்.

தாயுமானவர் திருநாமத்தின் வரலாறும் இவ்வாற்றோடு பிணைந்தது. இரத்தினாவதி என்னும் கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. பூம்புகாரினின்று புறப்பட்டு வந்த தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் கடக்க மாட்டாமல் கரையிலேயே தங்கிவிட்டாள். செவ்வந்தி மலைப் பெருமான் அத்தாயின் உருவிலே வந்து மகப்பேறு பார்த்தான்; வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது மறைந்தான். சுகப்பேறு வேண்டி அன்பர்கள் வாழைத்தார் சாத்துவது இதன் நினைவாகும். உச்சியில் நின்று மணலாய்க் கிடக்கும் ஆற்றைக் காண்போர், இதனைக் கடக்க இயலாமற் போயிற்றா என வியக்கக்கூடும். 1934-இல் மேட்டூர் அணை முற்றுப்பெறுவதற்கு முன் இவ்வாறு எவ்வளவு பெருகும் என்பதை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் காட்டிற்று. பாலமும் அணையும் இல்லாத காலத்தில், அக்கரையில் நிற்கும் தாயும் இக்கரையில் துடிக்கும் மகளும் எத்தனையோ குடும்பங்களில் இருந்திருப்பர். அத்துயரின் நடுவே கூறப்படும் வரலாறு என்று உணர்ந்தால், தாயுமானவன் என்ற சொல்லின் ஆழம் இன்னும் நன்கு விளங்கும். ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். பிற்காலத்தில் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அலுவல் பார்த்த தாயுமான அடிகள் இப்பெருமானின் பெயரையே தாங்கியவர்.

உயர்ந்த இடத்தை அரசர்களும் படைத்தலைவர்களும் விட்டுவைப்பதில்லை. நாயக்கர் காலத்தில் குன்றைச் சூழ்ந்து மதிலும் அகழியும் எழுந்தன. மலைக்கோட்டை என்ற பெயரும் நிலைத்தது. 1751 முதல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகம்மதலியும் ஆங்கிலேயரும் மறுபுறமாக இவ்வூருக்குப் போரிட்டனர். பகைவர் பாளையம் திருவரங்கத்திலா பொன்மலைப் பக்கத்திலா என்று அறிய, இறைவன் நாடுகாணும் உச்சி ஒற்றர்க்கும் பயன்பட்டது. கோயில் மண்டபத்தில் வெடிமருந்து சேர்த்து வைத்ததன் விளைவாக 1772-இல் அது வெடித்துப் பெருஞ்சேதம் உண்டாயிற்று. மதில்கள் பின்னர் இடிக்கப்பட்டு, மேற்குப்புறத்து மெயின் கார்டு கேட் மட்டும் அடையாளமாக நிற்கின்றது. 1849-ஆம் ஆண்டுப் பிள்ளையார் விழாவின்போது, குறுகிய படிவழியில் கூட்டம் நெருக்குண்டு சுமார் 250 பேர் மாண்டனர். விழா நாட்களில் இறங்குவோர்க்கு வழிவிட்டு நிதானமாக ஏறவேண்டும் என்று ஊழியர்கள் வற்புறுத்தும்போது முகஞ்சுளிப்போர், இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பாராக.

காட்சி என்றும் மாறாதது என்று கொள்வதற்கில்லை. குன்றின் குடைவரைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருத்தலால், பாறைக்கு உளியாலோ வெடியாலோ இடர் இல்லை. இந்தப் பாதுகாப்பில்லாத எத்தனையோ பாறைக்குன்றுகள் சாலைக்கும் கட்டடத்திற்கும் ஜல்லியாகிக்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம். அவை திரும்ப வளர்வன அல்ல. 50 கோடி ஆண்டு நின்றது சில ஆண்டுகளில் குழியாகிவிடுகின்றது. ஆற்றின் நிலை அதனினும் கவலைக்குரியது. மேலைப் பாறைகள் உதிர்ந்து ஆற்று மணலாயின என்று முன்னர்க் கூறினோம். அம்மணல் வெறும் தரைவிரிப்பு அன்று. மழைக்காலத்து நீரைத் தன் துளைகளில் உறிஞ்சி வைத்துக் கோடையில் தருவது அது. திருச்சிராப்பள்ளி நகரத்தார் பருகும் நீரில் பெரும்பகுதி காவிரி, கொள்ளிடப் படுகைகளின் மணலுள் இறக்கிய கிணறுகளினின்று வருவதே. மணலை அள்ளும் வேகம், ஆறு அதனைக் கொணரும் வேகத்தைக் கடந்துவிட்டால், படுகை தாழ்கின்றது. கிளைவாய்க்கால்களின் தலைவாய் ஆற்றுக்கு மேலே எட்டாமல் நின்றுவிடுகின்றது. பாலத் தூண்களின் அடியும் வெளிப்படுகின்றது. 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, பெருவெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகள் நின்ற அணை அது. அதன் முதுமையே காரணம் என்றாரும், படுகை தாழ்ந்ததே காரணம் என்றாரும் உண்டு. அதன்பின் புதிய கதவணை கட்டப்பட்டது. எனினும், உச்சியினின்று கொள்ளிடத்தைப் பார்க்கும்போது வெண்மணல் பரப்பில் பள்ளங்கள் தெரியுமாயின், அவை எவ்வாறு வந்தன என்று கேட்டறிவது நம் கடமையாகும். சிவபெருமான் காணவிரும்பியதாகக் கல்வெட்டு கூறுவது வெற்றுப் படுகையை அன்று.

உச்சிக்குச் செல்ல நானூறுக்கு மேற்பட்ட படிகள். பெரும்பகுதி பாறையினூடே நிழலாகவே செல்லும். கடைசிப் பகுதி மட்டும் திறந்த வெளி, நண்பகலில் கால் சுடும். மார்கழிக் காலையில் பனிமூட்டம் ஆற்றை மறைத்துவிடும் ஆதலின், காட்சியை நாடுவோர்க்கு ஆவணி, புரட்டாசி மாதங்களின் மாலைப்பொழுது உகந்தது. மேட்டூர் நீர் ஓடும் காலமும் அதுவே. இறங்கி வருகையில் பல்லவன் குடைவரையுள் சென்று கங்காதரர் திருமுன் சிறிது நேரம் நிற்க. பெருங்கார்த்திகை நாளில் இம்முறை மாறிவிடும். அன்று உச்சியில் ஏற்றும் தீபத்தைத் திருவரங்கத்தாரும் உறையூராரும் ஆனைக்காவினரும் தத்தம் வாயில்களில் நின்று, கீழிருந்து மேலே நோக்கிக் காண்கின்றனர்.